கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை... வயிற்றுக்குள் ஒரு பலூன்!

"டாக்டர், வயித்துக்குள்ள ஒரு பலூன் வெச்சுக்கிட்டா எடை தானா குறைஞ்சிடுமாமே! ஆபரேஷனும் கிடையாது, மருந்தும் கிடையாதாம். வெச்சுக்கலாமா?"

கேட்டவர் நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி. முழங்கால் வலிக்காக என்னிடம் தைலம் வாங்கிப் போகிறவர். உயரம் 152 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. கூட வந்த கணவர், "ரெண்டரை லட்சம் சொல்றாங்க சார். பி.எஃப்.ல பணம் எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். ஏற்கெனவே ஒரு சர்ஜன், ஆபரேஷன்தான் நல்லது என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து இந்த அம்மாளுக்கு ராத்திரித் தூக்கமில்லை.

சித்த வைத்தியரிடம் வந்து பலூனைப் பற்றிக் கேட்கிறார்களே என்று சிரிக்காதீர்கள். இப்போதெல்லாம் மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில், அதாவது 2015-16-ல், இது 31 ஆக இருந்தது. நாலைந்து வருஷத்துக்குள் இவ்வளவு ஏற்றம்!

எண்டோஸ்கோப்பி குழாயை நான் கையில் பிடித்தது கிடையாது. ஆனால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று படித்தேன், அந்தத் துறை நண்பர்களிடமும் கேட்டேன். அந்த அம்மாளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முடி உருண்டையில் பிறந்த யோசனை

சிலருக்குத் தலைமுடியைப் பிடுங்கி விழுங்கும் பழக்கம் உண்டு. அது வயிற்றில் பந்து போலத் திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். சாப்பாடு இறங்காமல் ஆள் மெலிந்துபோவார். 'இதே வேலையைச் செய்ய நாமே ஒரு உருண்டையை உள்ளே வைத்தால் என்ன?' என்று 1982-ல் நீபென், ஹார்போ என்ற இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள்.

1985-ல் அமெரிக்காவில் முதல் பலூன் அனுமதி பெற்றது. காற்று நிரப்பியது, உருளை வடிவம். அது வயிற்றின் உட்சுவரை உராய்ந்து புண்ணாக்கியது. சிலருக்குக் காற்று இறங்கிக் குடலில் போய் அடைத்துக்கொண்டது. மூன்றே வருடத்தில் விற்பனை நின்றுபோனது. இடையில் 1987-ல் ஃப்ளோரிடாவில் நிபுணர்கள் கூடி, பலூன் வழவழப்பாக இருக்க வேண்டும், காற்றுக்குப் பதில் திரவம் நிரப்ப வேண்டும், எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்று இலக்கணம் வகுத்தார்கள். இன்று வைக்கப்படுகிற பலூன்களில் பெரும்பாலானவை அந்த இலக்கணப்படி வந்தவைதான்.

மயக்கம் கொடுத்து, வாய் வழியாகச் சுருட்டிய பலூனை இறக்கி, உள்ளே போனதும் 400 முதல் 700 மில்லி வரை உப்புநீரை நிரப்புவார்கள். அரை மணி நேர வேலை. அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். ஆறு மாதம் கழித்து அதே வழியாக எடுத்துவிட வேண்டும். மாத்திரை போல விழுங்கி, சுமார் நாலு மாதத்தில் தானே வெளியேறிவிடுகிற வகையும் உண்டு.

நிரப்பும் நீரில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். பலூன் ஒழுகினால் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். அப்படிப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பது கூடாது.

"மருந்தே கிடையாதாமே?"

அது சரியில்லை. பலூன் உள்ளே இருக்கிற ஆறு மாதமும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போட்டாக வேண்டும். முதல் மூன்று, நாலு நாட்கள் பாடுதான். வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி, எழுந்து நிற்க முடியாத அசதி. மசக்கை நாட்களை விட மோசம் என்று ஒரு அம்மாள் சொன்னார். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. சிலர் தாங்க முடியாமல் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பயமுறுத்துவதற்காக இல்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இன்னொன்று. திரவ பலூன் வைத்தவர்களில் 2016 முதல் உலகெங்கும் 12 பேர் இறந்ததாகத் தகவல் வந்திருக்கிறது என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 ஜூனில் அறிவித்தது. வைத்தவர்களின் மொத்த எண்ணிக்கையோடு பார்த்தால் இது மிகக் குறைவு. ஆனாலும் அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொள்வது மாதிரியான காரியம் இல்லை இது.

எவ்வளவு குறையும்?

பலூனால் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். 82 கிலோ அம்மாளுக்கு எட்டு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்டோஸ்கோப்பி வழியாகவே இரைப்பையை உள்ளிருந்து தைத்துச் சுருக்குகிற முறையும் இருக்கிறது. 2022-ல் வெளியான ஆய்வில் அந்த முறையில் ஒரு வருடத்தில் சராசரியாக 13.6 சதவீதம் குறைந்தது. இரைப்பையையே வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷனில் நாலில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ குறைகிறது. ஆகவே 'ஆபரேஷனுக்குப் பதில் பலூன்' என்று விளம்பரம் சொன்னால், இரண்டும் ஒரே பலன் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை நோயும் மிகுந்த பருமனும் சேர்ந்து இருப்பவருக்கு சர்ஜன் ஆபரேஷன்தான் என்றால், அதில் நியாயம் இருக்கிறது.

வாரம் ஒரு ஊசி வகைகள் 2025-ல் நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. நன்றாகவே குறைக்கின்றன. ஆனால் அந்த வகையில் ஒரு மருந்தை வைத்து நடந்த ஆய்வில், நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. பலூனுக்கும் இதே ஆபத்து உண்டு. எடுத்த பிறகு பழைய தட்டுக்கே போனால் பழைய எடை வரும்.

'எட்டு கிலோவுக்கா இவ்வளவு?' என்று கணவர் முகம் சுருங்கிவிட்டது. முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழுகிற பாரம் நாலு கிலோ குறைகிறது. எட்டு கிலோ என்றால் முப்பத்திரண்டு!

எங்கள் பக்கத்துக் குறை

"அப்போ சித்தாவுல ஏதாவது பொடி குடுத்துடுங்களேன்" என்றார் அந்த அம்மாள். இங்கேதான் நான் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

அதிதூலம் என்று எங்கள் நூல்கள் சொல்கிற இந்த நிலைக்கு மருந்துகள் இருக்கின்றன. கபத்தைத் தணிக்கும், பசியைச் சீர்படுத்தும். ஆனால் தட்டை மாற்றாமல் எடையை இறக்குகிற சூரணம் எதையும் முப்பது வருட அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. 'பத்து நாளில் ஐந்து கிலோ' என்று யாராவது பாக்கெட் விற்றால் அதைத் தொடாதீர்கள். சிபுட்ரமின் என்றொரு மாத்திரை, இதயத்துக்கு ஆபத்து என்று 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 'நூறு சதம் மூலிகை' என்ற பெயரில் வந்த எடை குறைப்புப் பொடிகளில் அதைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரு கல்லூரி மாணவி அப்படி ஒரு பாக்கெட்டோடு என்னிடம் வந்தாள். நெஞ்சு படபடப்பு, மூன்று நாளாகத் தூக்கமில்லை. பாக்கெட்டில் முகவரிகூட இல்லை.

குடம்புளி மாத்திரையும் அப்படித்தான். 1998-ல் அமெரிக்காவில் 135 பேருக்குப் பன்னிரண்டு வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களை விட எடை அதிகம் குறையவில்லை. மீன்குழம்பில் போடுங்கள், நன்றாக இருக்கும்.

'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்கிறோமே? கொள்ளு கொழுப்பைக் கரைக்கிற திராவகம் இல்லை. நூறு கிராம் கொள்ளில் அரிசி அளவுக்கு ஏறக்குறைய அதே கலோரிதான். ஆனால் இருபது கிராமுக்கு மேல் புரதம். சீக்கிரம் பசிக்காது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கொள்ளுச் சுண்டல் வைத்தால் பலன் உண்டு. மூன்று கரண்டி சோற்றோடு கொள்ளு ரசத்தையும் சேர்த்துக் குடித்தால் என்ன பலன்?

கைப்பையில் இருந்த மாத்திரை

பேசிக்கொண்டே இருந்தபோது, "வலிக்கு வேற என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிக் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். டைக்ளோஃபெனாக். மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கி, தினம் ஒன்று, சில நாள் இரண்டு. ஒன்றரை வருடமாக! எனக்கும் தெரியாது, பலூன் வைக்கிற டாக்டருக்கும் தெரியாது.

நமக்குத் தெரிந்த வீடுகளில் பருமனான பெண்கள் பலருக்கு முழங்கால் வலி. முழங்கால் வலி உள்ளவர்கள் வலி மாத்திரை போடுகிறார்கள். வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணின் மேல் அரை லிட்டர் பலூன் ஆறு மாதம் உருண்டால் ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். பலூன் வைக்கும் முன் எண்டோஸ்கோப்பியில் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்கள். ஆனால் வைத்த பிறகு, அடுத்த மாதம் வலி வந்ததும் கை தானாக அந்த அட்டைக்குப் போகுமே, அதை எந்தக் குழாயும் பார்க்காது.

ஆகவே வலி மாத்திரை, ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, முன்பு வயிற்றில் செய்த ஆபரேஷன், பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது... இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் இதயத்துக்காகச் சாப்பிடுகிற ஆஸ்பிரினையோ ரத்த மருந்தையோ நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. சித்த மருந்து சாப்பிடுவதையும் சொல்லுங்கள். பலூன் உள்ளே இருக்கும் வரை திரிகடுகுச் சூரணம், மிளகும் திப்பிலியும் தூக்கலான கஷாயம் வேண்டாம். நான் கொடுத்ததாக இருந்தாலும் வேண்டாம். வெளியே தேய்க்கிற தைலத்துக்குத் தடையில்லை.

அந்த அம்மாளுக்கு எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. மாத்திரையை நிறுத்தி, கிருமிக்கு மருந்து கொடுத்து, இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள்.

அந்த இரண்டு மாதம்

கணவருக்கு வருத்தம். எனக்கு சந்தோஷம்! பலூனுக்கு முன்னாலேயே சமையலறையைச் சரி செய்ய நேரம் கிடைத்ததே.

சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். மூன்று வேளைச் சாப்பாடு அப்படி ஒன்றும் அதிகமில்லை. ஆனால் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த தோசை, மத்தியானம் பாத்திரம் கழுவும் முன் அடியில் இருந்த சாதம், 'வீணாப் போகுதே'ன்னு சாயங்காலம் இரண்டு பஜ்ஜி, சர்க்கரை போட்டு நாலு காபி. பல வீடுகளில் மிச்சத்தை எல்லாம் அம்மாவின் வயிறுதான் வாங்கிக்கொள்கிறது. நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய்! ஒரு தலைக்கு மாதம் அரை லிட்டர் போதும். இதை அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லி என்ன பயன்? கணவரைப் பார்த்துத்தான் சொன்னேன். ஒரே அடுப்பில் ஒருவருக்கு மட்டும் பத்தியம் நடக்காது.

பலூன் வைப்பதற்கு முன்பே 82 கிலோ 78 ஆகிவிட்டது. 'அப்புறம் பலூன் எதுக்கு?' என்று நானே கேட்டேன். இதற்கு முன்னும் மூன்று தடவை நாலு கிலோ குறைத்து, மூன்று தடவையும் ஏறியிருக்கிறாராம். "பசி தாங்க முடியலே டாக்டர். ஆறு மாசம் பசி அடங்கினாப் பழகிடும்" என்றார். நியாயமாகப் பட்டது. சம்மதித்தேன்.

பலூனை ஏமாற்றும் பாயசம்

பலூன் கெட்டியான சாப்பாட்டைத்தான் தடுக்கும். பாயசம், ஐஸ்கிரீம், மில்க் ஷேக், சர்க்கரை போட்ட ஜூஸ் எல்லாம் அதன் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும். பலூன் வைத்தும் எடை குறையாதவர்களை விசாரித்தால் பெரும்பாலும் கையில் ஒரு டம்ளர் இருக்கும்.

முதல் வாரம் மோர், தெளிந்த ரசம், பருப்புத் தண்ணீர். பிறகு குழைந்த இட்லி, மசித்த பருப்பு. மூன்றாவது வாரத்திலிருந்து கெட்டி உணவு. மென்று, மென்று, இருபது நிமிடத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி விட்டுக் குடியுங்கள். சோடா, கோலா கூடாது. குறைவாகச் சாப்பிடும்போது முதலில் கரைவது தசையும்தான், முடியும் கொட்டும். ஆகவே முட்டை, மீன், சுண்டல், தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று எல்லா வேளையும் தட்டில் இருக்கட்டும், சோறு அதற்குப் பிறகு. நடையோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலூனை எடுக்கப்போகிற நாளை அலட்சியமாக விடாதீர்கள். வயிற்றில் உணவு வழக்கத்தை விட அதிக நேரம் தங்கியிருக்கும். அதனால் இரண்டு, மூன்று நாள் முன்பிருந்தே திரவ உணவு, கடைசிப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி என்று சொல்வார்கள். 'ஒரு இட்லிதானே' என்று சாப்பிட்டுவிட்டு மயக்க மருந்து வாங்கினால், அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

அந்த அம்மாளுக்கு எடுக்கும்போது 69 கிலோ. எடுத்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் நோட்டும் கையுமாக வந்தார். 71 கிலோ. வலி மாத்திரை இல்லாமல் மாடி ஏறுகிறார், ஆனால் முகத்தில் பயம். நோட்டைப் புரட்டினோம். சித்தி மகள் கல்யாணம், அதற்குப் பிறகு காபியில் திரும்பி வந்த சர்க்கரை, சாயங்காலப் பஜ்ஜி. "எண்ணெய் எத்தனை லிட்டர்?" என்று கணவரைக் கேட்டேன். "மூணரை" என்று தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி இரண்டுக்கு இறக்கச் சொல்லி, சாயங்காலத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் எடை பார்த்துவிட்டுப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.