செம்பில் நின்றது, நெஞ்சோடு போனது

அறிவுத் தொழிலாளி யார்? திருமலைச் செப்பேடுகளில் ஒரு பதில் இருக்கிறது

திருமலைக் கோயிலில் உண்டியலை நோக்கி நகரும் பக்தர்கள் அருகிலுள்ள சிற்றறையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 'சங்கீர்த்தன பண்டாரம்' என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் அங்கே பூட்டி வைத்திருந்த செல்வம் பொன் அல்ல, செம்பு. 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் பொறித்த 2,000-க்கும் அதிகமான தகடுகள். தலைமுறை தலைமுறையாக அவை இருட்டில் கிடந்தன.

1920-களில் அவை வெளியே வந்தபோது பக்தி மட்டும் போதவில்லை. படிக்கத் தெரிந்த கண்கள் வேண்டியிருந்தன. அந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் தேவஸ்தானக் கல்வெட்டு ஆய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. திருமலை, திருப்பதிப் பகுதியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். அவற்றைப் படித்து அச்சேற்றும் பணியிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வேட்டூரி பிரபாகர சாஸ்திரியோ, அன்னமாச்சாரியாரின் பேரன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை 1949-ல் பதிப்பித்தார்.

'அறிவுத் தொழிலாளி' என்ற கருத்தைப் பிரபலமாக்கியவர் நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர். உழைப்புக் கருவியைத் தலைக்குள்ளேயே சுமப்பவர் இவர் என்பது அவரது விளக்கம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே திருமலையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

ஆனால், அந்தப் பலத்திலேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. மரபு சொல்லும் 32,000 கீர்த்தனைகளில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 12,000-க்கு மேல். அவற்றுக்கும் ராகத்தின் பெயர் மட்டுமே தகட்டில் உண்டு, மெட்டு இல்லை. அது பாடியவர்களின் நெஞ்சில் இருந்தது, அவர்களோடு போய்விட்டது. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றோர் 20-ம் நூற்றாண்டில் புதிதாக மெட்டமைத்தார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வீடுதோறும் ஒலித்த பாடல்களின் சொல் பழையது, இசை புதியது.

இன்றைய அலுவலகங்களிலும் கதை வேறல்ல. கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. முப்பது வருட அனுபவசாலி ஓய்வுபெறும் நாளில் மாலை போடுகிறார்கள். அவர் தலைக்குள் என்ன கொண்டுபோகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

கோயில் சுவரில் இருக்கும் பழைய தமிழ் எழுத்தை யார் வேண்டுமானாலும் படமெடுக்கலாம். அதைப் படிக்க, பழகியவர் ஒருவர் வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இன்னொருவரும் வேண்டும். அந்த இரண்டாமவர் இல்லாவிட்டால் முதலாமவரின் வேலை பாதியில் நின்றுபோகும்.