வாடைக்கு முதுகு காட்டும் பெட்டி

ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. கீழ்வீட்டுப் பெண் மாடியேறி வந்தாள். ஒரு கையில் கைப்பேசி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பெட்டியின் மூடி. பெட்டி எங்கே என்று கேட்டேன். கீழே இருக்கிறதாம், தூக்க முடியவில்லையாம்.

"அக்கா, மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு பூனை சுத்துதே, அதுக்கு மழைக்கு முன்னாடி ஒரு வீடு பண்ணணும். போன வருஷம் நீங்க ஏதோ பண்ணீங்களாமே?"

பண்ணினேன். முதல் தடவை தப்பாகப் பண்ணினேன். டீ கொதித்துக்கொண்டிருந்தது, உட்காரச் சொன்னேன்.

அவள் கைப்பேசியில் காட்டியது கனடாவில் எடுத்த காணொளி. பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் கெட்டியான நுரைப்பலகை, வாசலில் ரப்பர் திரை, வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. குறை சொல்ல ஒன்றுமில்லாத பெட்டிதான். ஆனால் அது மைனஸ் இருபதுக்குச் செய்த பெட்டி. சென்னையில் மார்கழி விடியற்காலையில் 21, 22 டிகிரி வந்தாலே நாம் மஃப்ளர் கட்டிக்கொள்கிறோம். அந்தப் பெட்டியை அப்படியே இங்கே செய்து வைத்தால் உள்ளே புழுங்கும், வியர்க்கும், பூசணம் பூக்கும்.

"அப்போ நம்ம ஊர்ல பூனைக்குக் குளிரே கிடையாதா?"

உண்டு, ஆனால் அது வேறு வழியாக வருகிறது. பூனையின் உடல்சூடு 38, 39 டிகிரி. சுற்றியிருக்கும் காற்று 30-க்குக் கீழே இறங்கினாலே தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள அது கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் செலவழிக்க வேண்டியிருக்கிறது. நாம் ஃபேன் போட்டுக்கொள்ளும் நேரத்தில் அது வெயிலைத் தேடிப் போய்ப் படுப்பது இதனால்தான். இருந்தாலும் வயிறு நிறைந்த, ரோமம் காய்ந்த பெரிய பூனைக்கு 22 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. ரோமங்களுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் அதன் கம்பளி. மழையில் அந்தக் காற்று போய் அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதே 22 டிகிரியில், அதே பூனை வெடவெடவென்று நடுங்கும். குட்டி போட்டிருந்தால் இன்னும் மோசம். பிறந்த முதல் மூன்று வாரத்துக்குக் குட்டிகளால் தம் உடல்சூட்டைத் தாமே சரியாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிறும் காய்ந்த படுக்கையும்தான் அவற்றுக்குக் கதி.

ஆகவே நம் ஊரில் குளிருக்கு வீடு கட்டுவதாக நினைக்கக் கூடாது. ஈரத்துக்குக் கட்டுகிறோம். இதை மனதில் வைத்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

போன வருடம் எனக்கு இது புரியவில்லை. மூடி போட்ட பெட்டியை வாங்கி, ஓட்டை போட்டு, உள்ளே பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து மெத்தைபோல விரித்தேன். பார்க்க அவ்வளவு அழகு! பூனை இரண்டு நாள் படுத்தது. மூன்றாம் நாள் மழையில் நனைந்து வந்து படுத்தது. புடவை அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டது. அடுத்த நாளும் மழை, துணி காயவே இல்லை. ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தேன். வந்த வாடையைச் சொல்லிவிட்டு உனக்கு டீ கொடுக்க முடியாது. பூனை எப்போதோ இடத்தைக் காலி செய்துவிட்டு யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ படுத்திருந்தது.

துணி, கம்பளி, சாக்கு, செய்தித்தாள் எல்லாம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சாதி. நமக்கு வேண்டியது ஈரத்தைக் கீழே வழியவிடுவது. அதற்கு வைக்கோலை மிஞ்ச ஒன்றுமில்லை. தாள் உள்ளே குழலாக இருக்கும், அதில் காற்று நிற்கும். மேலே விழுகிற தண்ணீர் இடுக்குகள் வழியாக இறங்கிவிடும், மேல்பக்கம் சீக்கிரம் காயும். பூனை அதற்குள் குடைந்து பள்ளம் பறித்துக்கொண்டு படுக்கும். மாட்டுக்குப் போடும் உலர்ந்த புல்லையும் வைக்கோலையும் குழப்பிக்கொள்ளாதே. புல் மெத்தென்று இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் பூசணம் பிடித்துவிடும்.

"வைக்கோலுக்கு வேளச்சேரியில நான் எங்க போவேன்?"

மாடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்துப் பார். கண்ணாடிச் சாமான் கடையிலும் பழ மண்டியிலும் பொதி கட்டிவந்த வைக்கோலைச் சும்மாவே தள்ளிவிடுவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் தேங்காய் நார். ஆனால் நார்தான், நார்த்தூள் கிடையாது. மாடித்தோட்டத்துக்கு வாங்குகிறோமே, அந்தத் தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடிக்கு அது வரம், பூனைக்கு அதுவே வினை. நாரை நன்றாக உதிர்த்துப் போடு. நீளமான இழையாக விட்டால் குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். ஒன்று சொல்லிவிடுகிறேன், நெல் வைக்கோல் நாளாக நாளாக நைந்துபோகும். அடைமழைக் காலத்தில் வாரம் ஒரு தடவை கையை விட்டுப் பார். அடியில் சில்லென்று இருந்தால் மொத்தத்தையும் அள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடு.

பெட்டிக்கு வருவோம். 60 லிட்டர் பெட்டி போதும். பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றும், அது நம் வீட்டு வாடகைக் கணக்கு. பூனை தன் உடல்சூட்டால்தான் அந்த அறையைச் சூடேற்ற வேண்டும். அறை பெரிதானால் சூடு தங்காது. ஒன்று, கூடிப்போனால் இரண்டு பூனை சுருண்டு படுக்கும் இடம் போதும். மீன் வரும் தெர்மாகோல் பெட்டியும் பிரமாதமான பொருள்தான், அதில் பெரும்பகுதி காற்றுதானே. ஆனால் தனியாக வெளியில் வைத்தால் பூனை நகத்தைத் தீட்டித் தீட்டி ஒரே வாரத்தில் அரிசிப்பொரியாக்கிவிடும், சிலது தின்றும் தொலைக்கும். மீன் வாடைக்கு நாயும் எறும்பும் வேறு வரும். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் இறக்கினால் சரி. நம் ஊருக்கு அதுகூடக் கட்டாயமில்லை, குட்டி இருந்தால் செய்.

பழைய டயர் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு வரும், கொசுப்புழு பார்க்க வருகிற மாநகராட்சி ஊழியரிடம் நீ பேச்சு வாங்குவாய். நீல டிரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது.

வாசல் ஆறு அங்குல வட்டம். மீசை நுழைந்தால் பூனை நுழைந்துவிடும், தெருநாயின் தோள் நுழையாது. அடியிலிருந்து நாலு அங்குலம் மேலே வெட்டு. தரையோடு வெட்டினால் தெறிக்கும் தண்ணீர் அத்தனையும் உள்ளே போகும், வைக்கோலும் வெளியே வரும். எலக்ட்ரீஷியனிடம் வட்டமாக அறுக்கிற பிளேடு இருக்கும், இரண்டு நிமிட வேலை. வெட்டிய விளிம்பு கத்திபோல இருக்கும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி, விளிம்பைச் சுற்றி மாட்டிவிடு. அடிப்பலகையில் ஏழெட்டுச் சின்னத் துளை போடு. நான் போடாமல் விட்டது இதைத்தான். எவ்வளவு காபந்து பண்ணினாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். போகிற தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லாவிட்டால் அது வீடு இல்லை, தொட்டி.

இரண்டாவது வாசல் வைக்கலாமா என்று கேட்டாள். பனி ஊரில் யோசிப்பார்கள், சூடு ஓடிவிடும் என்று. இங்கே நான் வைக்கச் சொல்வேன். ஒரு வாசலில் நாயோ வேறொரு கடுவனோ வந்து நின்றால் உள்ளே இருப்பது மாட்டிக்கொள்ளும். தப்பிக்க வழி தெரியாத இடத்தில் பூனை நிம்மதியாகத் தூங்காது. ஆனால் நேருக்கு நேர் வைக்காதே, காற்று ஊடுருவும். ஒன்று நீளப்பக்கத்தின் ஓரத்தில், மற்றது குறுக்குப் பக்கத்தில்.

டீ முடிந்தது. இன்னொரு அரை கிளாஸ் ஊற்றினேன், ஏனென்றால் இனிமேல்தான் முக்கியமான விஷயம். பெட்டி எப்படி இருக்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிது.

நம் ஆட்கள் திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு நாம் மறந்துவிட்டோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழை கொண்டுவருவது வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவில், வடகிழக்கிலிருந்து வரும் காற்று. மழை நேராக விழாது, அந்தப் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும். உன் வீட்டில் எந்த ஜன்னலை முதலில் ஓடிப்போய்ச் சாத்துகிறாய்? அந்தப் பக்கத்துக்குப் பெட்டியின் முதுகு இருக்க வேண்டும். வாசல் தெற்கோ மேற்கோ பார்க்கட்டும், அதற்கு எதிரே ஓரடி தள்ளி ஒரு சுவர் இருந்தால் இன்னும் உத்தமம். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே பூனை புகும், மழை புகாது, நாய்க்கும் திரும்ப இடமிருக்காது.

புயல் நாளில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது முதலில் வடக்குப் பக்கமிருந்து அடித்த காற்று, கண் கடந்தபின் எதிர்ப்பக்கமிருந்து திருப்பி அடித்தது. மரங்கள் பாதி விழுந்தது அப்போதுதான் என்று இன்னும் சொல்வார்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் பெட்டியை அப்படியே தூக்கி மாடிப்படியின் கீழோ நடைபாதையிலோ வைத்துவிடு. அதனால்தான் தூக்கக்கூடிய பெட்டியாக இருக்க வேண்டும் என்கிறேன். மற்ற நாளில் மூடிமேல் ஒரு செங்கல் போதும்.

கீழே இரண்டடுக்குச் செங்கல் வைத்து, அதன்மேல் பெட்டியை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வை. ஆனால் நம் பகுதிக்கு இரண்டு செங்கல் காணாது. 2015 டிசம்பரில் இங்கே வந்த தண்ணீரை நீ பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்திருப்பாய். மோட்டார் ரூம்தான் இந்தக் கட்டடத்தில் எல்லாவற்றையும்விடத் தாழ்வான இடம், அங்கே வைக்காதே. பெரிய பூனை எப்படியாவது ஏறித் தப்பித்துக்கொள்ளும், கண் திறக்காத குட்டிகளுக்கு அந்தப் பெட்டியே கண்ணியாகிவிடும். படிக்கட்டில் முதல் திருப்பம், ஜெனரேட்டர் மேடையின் பின்பக்கம், இப்படி ஏதாவது பார். செயலாளரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடு. யாருக்கும் தெரியாமல் வைத்தால், மழை நாளில் யாராவது குப்பை என்று தூக்கிப்போடுவார்கள்.

மேலே போர்த்த ஃப்ளெக்ஸ் பேனர் நல்லது. பொட்டுத் தண்ணீர் இறங்காது, நம் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. வாசல் பக்கம் அரை அடி நீட்டிவிட்டால் தாழ்வாரம் ஆச்சு. தலைவர் முகம் மட்டும் உள்பக்கம் வரட்டும், இல்லாவிட்டால் குடியிருப்பில் அரசியல் வந்துவிடும்.

"எறும்பு வருமே அக்கா, சுத்தி சாக்பீஸ் போட்டுடலாமா?"

கூடாது. அந்த எறும்புச் சாக்பீஸில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. நமக்குச் சாதாரணம், பூனைக்கு ஆகாது. கறுப்பு பினாயிலும் அப்படித்தான். அதிலுள்ள பீனாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. பினாயில் தரையில் நடக்கும், வந்து உட்கார்ந்து பாதத்தை நக்கும், அவ்வளவுதான். பெட்டிக்குள் அந்துருண்டையும் போடக் கூடாது. வெந்நீரும் சோப்பும் போதும். எறும்புக்கு வழி, சாப்பாட்டை உள்ளே வைக்காமல் இருப்பதுதான். சோறு நாலடி தள்ளி வை, தின்றதும் எடுத்துவிடு. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. தண்ணீர் வை.

"இவ்வளவும் பண்ணி அது உள்ளயே போகலைன்னா?"

போகாது, முதல் வாரம் போகாது. பிடித்து உள்ளே தள்ளினால் எப்போதுமே போகாது. மழைக்கு முன்பே வைப்பது அதற்காகத்தான், முதலில் அந்த இடம் பழகட்டும். ஒரு பழைய தந்திரம் உண்டு. காலி மனையில் குப்பைமேனி மண்டிக்கிடக்கும், அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். வேரோடு பிடுங்கினால் வாசனைக்குப் பூனை வந்து உருளும். வாசல் விளிம்பில் அந்த வேரைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுத் தூர எறிந்துவிடு, தின்ன விடாதே. நீயும் பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்க்காதே. வைக்கோலில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பகலில் பார், அது சொல்லிவிடும்.

பங்குனி வந்ததும் இதே பெட்டி அடுப்பாகிவிடும். மூடியை எடுத்துவிட்டு நிழலுக்கு நகர்த்து, இல்லையேல் எடுத்துக் கழுவி உள்ளே வை. அக்னி நட்சத்திரத்துக்குப் படுக்கையாகக் கிடத்திய பெரிய மண்பானை நல்லது, அதை அப்போது பார்ப்போம். குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைக்கும் யாரையாவது கேட்டு வை, கர்ப்பகாலம் இரண்டு மாதம் சொச்சம்தான். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசிக்கு நாம் காலனி கட்ட வேண்டியிருக்கும்.

அவள் எழுந்தாள். ஆறு அங்குல வட்டம் எப்படி வரைவது என்று திரும்பிக் கேட்டாள். சமையலறையில் இருந்த ரசக் கிண்ணத்தை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், அச்சு அசலாக ஆறு. மூடியையும் மார்க்கரையும் கிண்ணத்தையும் சுமந்துகொண்டு இறங்கினாள்.

"கிண்ணம் நாளைக்கு ரசத்துக்கு வேணும்!" என்று படியிலிருந்து கத்தினேன். பிறகுதான் நினைவு வந்தது. "பெட்டி ரெடியாகிற வரைக்கும் காலையில கார் எடுக்குறப்போ பானெட்ட ரெண்டு தட்டு தட்டிட்டு எடு. மழை நாள்ல இன்ஜின் சூட்டுக்கு உள்ள போய்ப் படுத்துக்கும்."