28-3 டூ 34-28: டாம் பிராடியின் கம்பேக் சாத்தியமானது எப்படி?

2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என முன்னிலை. ‘அவ்ளோதான், மேட்ச் முடிஞ்சுது’ என்ற நிலை. ஆனால், குவார்ட்டர்பேக் டாம் பிராடியின் பேட்ரியாட்ஸ் 34-28 என வென்றது. எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் பாஸ் பிடிபடாவிட்டால் கடிகாரம் நிற்கும். பந்தோடு ஓடி களத்துக்குள் மடக்கப்பட்டால் நேரம் ஓடும். அதனால் முன்னிலையில் இருப்பவர்கள் ஓடியே நேரத்தைக் கரைப்பார்கள்.

கடைசிக் கால்பகுதியில் ஃபால்கன்ஸ் பாஸுக்குப் போனது. டோன்டா ஹைடவர் பந்தைத் தட்டிவிட, பேட்ரியாட்ஸ் அதைக் கைப்பற்றியது. அடுத்து இரண்டு டச்டவுன். இரண்டிலும் 2 புள்ளி முயற்சி வெற்றி. 57 நொடி மிச்சமிருக்க 28-28! கூடுதல் நேரத்தில் இன்னொரு டச்டவுன், கோப்பை கைக்கு வந்தது.

பிராடி எறிந்தது 466 கஜம். ஆனாலும் ஹைடவர் அந்தப் பந்தைத் தட்டாமல் இருந்திருந்தால், பிராடிக்கு நேரமே மிஞ்சியிருக்காது.