லெகோன் குன்றில் ஒரு தேர்வுக்காலம்

கானாவின் தலைநகர் அக்ராவை ஒட்டி லெகோன் குன்று. சரிவெங்கும் சிவப்பு ஓட்டுக் கூரைகள், நடுவில் பால்ம் நூலகம். இங்குள்ள கானா பல்கலைக்கழகத்தில் இளநிலை படிக்கும் எவரும் ஆப்பிரிக்கவியலில் தேறியாக வேண்டும். இயற்பியல் மாணவருக்கும் விலக்கில்லை. தேர்வு நெருங்கிவிட்டால், இரவு பகல் பாராத படிப்புதான்.

1950களில் இங்கே வரலாறு படித்தவரின் மேசை வேறு. 1948இல் கானாவுக்குக் கோல்டு கோஸ்ட் என்று பெயர். அவ்வாண்டு தொடங்கிய கோல்டு கோஸ்ட் பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்கே மாணவர்களைத் தயார் செய்தது. வினாத்தாளுக்கு லண்டனின் ஒப்புதல் வேண்டும். பட்டமும் லண்டனுடையதே. பிரிட்டனின், ஐரோப்பாவின் வரலாற்றை அவர் நெட்டுருப் போட்டார். ஐரோப்பியர் கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் ஆப்பிரிக்கா பாடத்தில் தலைகாட்டும். சொந்த மண்ணின் வரலாற்றைத் தேடினால், அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியராயிருந்த வார்டு 1948இல் வெளியிட்ட நூல் கைக்கு வரும். அடுத்த நூலுக்கு அலைய வேண்டும்.

அவர் ஊரில் வரலாறு இல்லாமலில்லை. கானாவின் அக்கான் மக்களுடைய அரசவைகளில் அட்டும்பன் என்ற இணைமுரசு உண்டு. அக்கான் மொழியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே அடியில் கொண்டுவந்து, மன்னர் பரம்பரையை முரசறைபவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். ஆனால் அது எழுத்தில் இல்லை. ஆகவே விடைத்தாளில் சான்றாக நிற்காது. 1963இல்கூட ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் இருப்பது ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே, மற்றதெல்லாம் இருட்டு என்ற பொருளில் பேசினார்.

அதற்குள் லெகோனில் காற்று திசை மாறியிருந்தது. 1961இல் கல்லூரி தனிப் பல்கலைக்கழகமாகிச் சொந்தப் பட்டம் வழங்கத் தொடங்கியது. 1963 அக்டோபர் 25 அன்று ஆப்பிரிக்கவியல் நிறுவனத்தை முறைப்படி திறந்துவைத்த அன்றைய கானா அதிபர் குவாமே இன்க்ருமா, ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கர் நோக்கில் ஆராயச் சொன்னார். அதே ஆண்டில் அங்கிருந்த இசையறிஞர் இன்கெட்டியா, அக்கான் மக்களின் முரசுமரபைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். வாய்மொழி மரபை எப்படிச் சோதித்துச் சான்றாக ஏற்பது என்று பெல்ஜிய அறிஞர் யான் வான்சினா 1961இலேயே முறை வகுத்திருந்தார். பாட்டி சொன்ன கதைக்கு அடிக்குறிப்பில் இடம் கிடைத்தது.

இன்றைய மாணவருக்குப் பஞ்சம் கிடையாது, வெள்ளம்தான். யுனெஸ்கோ 1981 முதல் 1993 வரை வெளியிட்ட ஆப்பிரிக்கப் பொது வரலாற்றின் எட்டுத் தொகுதிகளும் கைப்பேசியில் இலவசமாக இறங்குகின்றன. வரைபடமும் பெருத்துவிட்டது. 1948இல் ஆப்பிரிக்காவின் சுதந்திர நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 1960இல் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றன, இன்று ஐ.நா.வில் ஆப்பிரிக்க உறுப்பினர்கள் 54. பெயர்களும் நிற்பதில்லை. அப்பர் வோல்டா 1984இல் புர்கினா பாசோ ஆனது, சுவாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனது. அண்ணன் விட்டுச்சென்ற குறிப்பேட்டை நம்பினால் தம்பிக்கு மதிப்பெண் போச்சு.

இவ்வளவு இருந்தும் தேர்வு நெருங்கும்போது கைகள் தேடுவது 'பாஸ்கோ'வை. பழைய வினாத்தாள்களுக்கு கானா மாணவர்கள் வைத்த செல்லப்பெயர் அது. அவற்றில் அடிக்கடி வருவதை மட்டும் உருப்போடுவதற்கும் அவர்களிடம் ஒரு பெயர் உண்டு: மென்று கொட்டு, தேறி மற. லண்டன் வினாத்தாளுக்குப் படித்த தாத்தாவுக்கும் இந்த வித்தை அந்நியமாக இருந்திராது.

முரசும் பாடத்துக்குள் வந்துவிட்டது. அட்டும்பன் என்றால் என்ன என்று கேட்டால் ஒரே வரியில் எழுதிவிடலாம். முரசறைபவரும் மனப்பாடம்தான் செய்தார். ஆனால் மறக்க அவருக்கு அனுமதியில்லை. அக்கான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தேயரின் அரசவையில் முரசு ஒரு சொல் தவறினால் ஓர் ஆடு தண்டம் என்று 1923இல் மானிடவியலாளர் ராட்ரே எழுதிவைத்தார். மாணவர் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும். தவறாமல் எழுதி, மறுநாளே மறந்துபோனால் அதற்குத் தண்டம் ஏதும் இல்லை.