கலப்புக் குஞ்சு குழம்புக்கு, நாட்டுச் சேவல் வித்துக்கு

பல்லடம் பக்கம் எங்கள் ஊரில் கறிக்கோழிப் பண்ணை இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பண்ணைக் கோழி நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. எங்கள் களத்தில் மேய்கிற சிறுவிடை நாட்டுக்கோழியோ ஒன்றேகால் கிலோவைத் தொட ஐந்தாறு மாதம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று இங்கே கேட்காத வீடு இல்லை. நான் சேர்த்து வளர்க்கிறேன். வீட்டுக் குழம்புக்கும், கேட்டு வருகிற சொந்தபந்தங்களுக்கும் அந்தக் கலப்புக் கோழிதான். அதை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

கறிக்கோழியே ஒரு கலப்புதான். 1940களில் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி நடத்தினார்கள். சீக்கிரம் வளர்ந்து நெஞ்சுக்கறி தடித்த கோழிக்குப் பரிசு. 1948 இறுதிப் போட்டியில் வென்ற சார்லஸ் வான்ட்ரெஸ் கொண்டுவந்தது, கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயரையும் சேர்த்த கலப்பு. அந்தக் கார்னிஷ், இங்கிலாந்தின் கார்ன்வாலில் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. இந்தியாவிலிருந்து போன அசில் சண்டைக்கோழியைக் கலந்து உருவாக்கியது. நம் நாட்டுக்கோழியில் பெரிய உடம்பு கொண்ட பெருவிடையும் அசில் வகையே. இன்றைய பிராய்லரின் அகன்ற நெஞ்சில் நம் நாட்டுச் சேவலுக்கும் பங்கு இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

செய்முறைக்கு வருகிறேன். சேவல் நாட்டுச் சேவலாகவும் பெட்டை கறிக்கோழியாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால், வளர்ந்த பிராய்லர் சேவலின் கனத்தைச் சிறுவிடைப் பெட்டை தாங்காது, முதுகு கிழிந்துவிடும். நான் விடுவது பெருவிடைச் சேவல். பிராய்லர் பெட்டைக்கு ஈடுகொடுக்கும் உடம்பு அதற்குத்தான் உண்டு.

சிரமமெல்லாம் அந்தப் பெட்டையை முட்டைப் பருவம் வரை உயிரோடு வைத்திருப்பதில்தான். ஆறு வாரத்தில் கறிக்குப் போவதற்கென்றே பிறந்த கோழி அது; பசி அடங்காது. கேட்டதெல்லாம் போட்டால் கொழுப்பு ஏறி, கால் மடங்கி, ஒரு சித்திரை வெயிலில் மூச்சுவாங்கிச் செத்துப்போகும். பெரிய நிறுவனங்களின் தாய்க்கோழிப் பண்ணைகளிலேயே தீவனத்தை அளந்துதான் போடுகிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து நானும் அளந்து போடுகிறேன். காலையில் கொஞ்சம் தீவனம், பிறகு கீரை, அகத்தித் தழை, களத்தில் நடை. சாணமும் பழைய சாக்கும் போட்டுக் கவிழ்த்த பானையில் இரவோடிரவாகப் பிடிக்கும் கரையான் குஞ்சுகளுக்கு. இப்படி வளர்த்தால் ஆறு மாதத்தை ஒட்டி முட்டை வைக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒருமுறை சேவல் மிதித்த பெட்டையின் உடம்பில் வித்து இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு தங்கும். அதனால் வேறு சேவலிடமிருந்து பிரித்து மூன்று வாரம் கழித்து எடுக்கிற முட்டையைத்தான் நம்பலாம். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாகக் கூடாது. அடைக்குச் சிறுவிடைதான். பிராய்லர் பெட்டை அடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இருபத்தொரு நாளில் வெளிவரும் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாக, அங்கங்கே செம்மையோ கருப்போ தெளித்தபடி இருக்கும். கறிக்கோழியின் வெள்ளை நிறம் மற்ற நிறங்களை மூடிவிடும் குணம் கொண்டது. நாட்டு ரத்தம் இருக்கிறதே என்று தடுப்பு மருந்தை விட்டுவிடக் கூடாது. வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து கட்டாயம். மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். கறி பிராய்லர்போல் நீர்த்துப்போகாது. ஓடித் திரிந்த கால் என்பதால் கடிக்க ஒரு பதம் இருக்கும். மிளகு அரைத்துவிட்ட குழம்புக்கு அருமை.

இவ்வளவு நன்றாக வருகிறதே, இதையே வைத்துப் பெருக்கலாமே என்று ஆசை வரும். என் மாமியாரிடமும் கேட்டேன். "ஏனுங் அத்தை, இந்தக் கலப்புப் பொட்டைய முட்டைக்கு உட்டா என்னுங்?" என்றேன். "முட்டை வெக்கும் அம்மணி. அடைக்கு ஆரு உக்காருவா? பருந்து வந்தா குஞ்சைக் கூப்புட்டு றெக்கைக்குள்ள வெக்கறது ஆரு?" என்றார்.

அறிவியலும் வேறு காரணம் காட்டி, வேண்டாம் என்றுதான் சொல்கிறது. முதல் தலைமுறைக் குஞ்சு ஒவ்வொன்றும் தாயில் பாதி, தகப்பனில் பாதி வாங்குவதால் எல்லாம் ஓரளவு ஒரே மாதிரி வளரும். கலப்பையும் கலப்பையும் சேர்த்தால் குணங்கள் சிதறும். ஒரு குஞ்சு பிராய்லர்போல் பருக்கும், இன்னொன்று சுண்டிப்போகும். கலப்பால் வந்த வீரியத்திலும் பாதி போய்விடும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விளைந்ததையே மறுபடி விதைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

அதைவிடப் பெரிய கவலை எனக்கு உண்டு. கலப்புச் சேவல் ஒன்று களத்தில் திரிந்தால் போதும், நாலைந்து ஈட்டில் அந்த வீட்டுச் சிறுவிடை வம்சமே கலங்கிவிடும். அடை உட்காரும் குணமும், பருந்தைக் கண்டதும் பதுங்கும் புத்தியும் எத்தனையோ தலைமுறையாகப் பிழைத்துச் சேர்த்தவை. அவை போனால் எந்தக் குஞ்சுக் கடையிலும் வாங்க முடியாது. உத்தரப் பிரதேசம் இஜ்ஜத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் அசிலைக் கலந்து 'நிர்பீக்' கோழியையும், கடக்நாத்தைக் கலந்து 'ஷியாமா' கோழியையும் உருவாக்கியது. அப்படிப்பட்ட கலப்புக்கும் தூய தாய் தகப்பன் வம்சம் கையில் இருந்தால்தான் வழி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கலப்பை நாட்டுக்கோழி என்று விற்பது தப்பு. கலப்பு என்று சொல்லியே விற்கலாம், வாங்க ஆள் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நல்ல பெருவிடைச் சேவலோ அடைக்கு உட்காரும் சிறுவிடையோ இருந்தால் அதைத் தனியே காப்பாற்றுங்கள். அதன் வம்சத்திலேயே சில குஞ்சுகளை ஆண்டுதோறும் வித்துக்கு நிறுத்துங்கள். கலப்புக் குஞ்சுகளை, சேவல் கூவத் தொடங்கும் முன்பே கறிக்கு அனுப்பிவிடுங்கள்.