உறங்கவிடாத கால்கள்

இரவில் என் தாயாருக்குக் கால் பிடித்துவிடுவது என் சிறுவயதுக் கடமைகளுள் ஒன்று. இஷாத் தொழுது, உணவு முடித்து, பாயில் சாய்ந்த சிறிது நேரத்திலேயே அவர்களுடைய கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊரத் தொடங்கிவிடும். வலியும் அன்று, அரிப்பும் அன்று. "உள்ளே எறும்பு ஊருதத்தா, கொஞ்சம் அமுக்கு" என்பார்கள். நான் முணுமுணுத்துக்கொண்டே அமுக்குவேன். பாதியில் உறங்கியும் போவேன். விழித்துப் பார்த்தால் அவர்கள் முற்றத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் மலைக்காற்றில் ஊரே போர்த்தி உறங்கும் வேளை அது. வாதம் என்றனர் சிலர். காற்றுக்கருப்பு என்று ஓதிப்பார்த்தவர்களும் உண்டு. பெயர் தெரியாத அந்தத் தொல்லையுடனேயே அவர்கள் மறைந்தார்கள்.

நாற்பதைக் கடந்ததும் அதே ஊர்தல் எனக்கும் வந்தது. மஃரிபுக்குப் பின் மதரஸாவில் பாடம் சொல்ல அமர்ந்தால் கால்கள் என்னை எழுப்பிவிடும். ரமளானில் ஒரு விந்தையைக் கண்டேன். தராவீஹில் நெடுநேரம் நின்றபோது தொல்லை இல்லை. முடிந்து பயான் கேட்க அமர்ந்ததும் வந்துவிட்டது. இதைச் சொன்னபோது மருத்துவர் புன்னகைத்தார். ஓய்ந்திருக்கும்போது வருவது, நடந்தால் தணிவது, மாலைக்குமேல் மிகுவது, காலை அசைத்தே தீரவேண்டும் என்று உந்துவது ஆகிய இந்நான்குமே இந்நோயின் அடையாளங்களாம். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்று அவர் வினவியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஓயாக்கால் நோய் என்று இதைச் சொல்லலாம். 1672-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதனை எழுதிவைத்தார். 1945-இல் சுவீடனின் கார்ல் ஆக்செல் எக்போம் விரிவாக விளக்கினார். இருவர் பெயராலும் இது இன்று வழங்குகிறது. பரம்பரையாக வருவதுண்டு. மூளையில் இரும்புச்சத்துக் குறைவதும், அதனால் டோபமைன் என்னும் பொருளின் வேலை தடுமாறுவதும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. சிறுநீரகக் கோளாறு உடையோருக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இது மிகுதி. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் பேற்றுக்குப்பின் தணிந்துவிடும்.

இல்லத்தரசிகள் இங்கே சற்றுக் கவனிக்கவேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அது 75-க்கு மேற்படாவிட்டால், இந்நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இரும்பு மாத்திரை தருவதுண்டு. பரிசோதனையின்றித் தாமாக உண்பது தவறு. இரும்பு மிகுந்தாலும் கேடுதான். என் தாயார் ஏழு பிள்ளைகளைப் பெற்றவர்கள்; எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்டவர்கள்; அதன்மேல் ஒரு குவளைத் தேநீர். மேகமலைத் தேயிலை நம் தலைமாட்டிலேயே விளைவதாலோ என்னவோ, சோற்றுக்கும் தேநீருக்கும் இடையே நாம் இடைவெளி விடுவதே இல்லை. உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும், தூக்கம் வரவழைக்கும் சில மாத்திரைகளும் இந்நோயைக் கிளறிவிடும். கால் தொல்லையால் உறக்கமில்லை என்று அவற்றையே விழுங்குவோரை நான் அறிவேன்.

கால் தொல்லை எல்லாம் இது ஒன்றே என்று எண்ணிவிடக்கூடாது. பாதம் எரிவதும் மரத்துப்போவதும் வேறு நோய். நடந்தாலும் அது தணியாது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், சத்துக்குறைவால் வரும் பாத எரிச்சலைப் பற்றி 1946-இல் ஆராய்ந்து எழுதினார். அந்நோய்க்கு அவர் பெயரும் உண்டு. இன்றோ, நம் வீடுகளில் பாத எரிச்சலுக்குப் பெருங்காரணம் சர்க்கரை நோய். அதற்காக மெட்ஃபார்மின் நெடுநாள் உண்போருக்கு வைட்டமின் பி12 குறைந்தும் நரம்பு கெடலாம். சிலருக்கு இரு நோய்களும் சேர்ந்தே இருக்கும்.

வேறுபாட்டை அறியாவிட்டால் ஆபத்து. ஓயாக்காலுக்கு வெந்நீரில் கால் நனைப்பது இதமளிக்கும். சர்க்கரையால் உணர்விழந்த பாதத்தை அதே வெந்நீர் வேகவைத்துவிடும். அவருக்குச் சூடே தெரியாது. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் முற்றத்துக் கல்லில் வெறுங்காலுடன் நடந்து கொப்புளம் கண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் ஒளுவுக்குப் பாதம் கழுவுகிறோமே, அப்போதே அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்து, ஈரத்தைத் துடைத்துவிடலாம். குனிய இயலாத முதியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

எனக்கு இரும்பு மாத்திரை மூன்று மாதம் தரப்பட்டது. அதனுடன் நெல்லிக்காய், தேநீரை அஸருக்கு மாற்றிக்கொண்டேன். முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆயினும் வாரத்தில் நான்கைந்து இரவுகள் உறங்குகிறேன். மற்ற இரவுகளில் எழுந்து, என் தாயார் நடந்த அதே முற்றத்தில் நடக்கிறேன். இப்போது என் கால்களை அமுக்க வருபவள் என் இளைய மகள். அவள் முணுமுணுப்பதில்லை. அவளுக்கும் ஒருமுறை ஃபெரிட்டின் பார்த்துவிடுமாறு மருத்துவர் கூறியிருக்கிறார்.