கடற்கரை வீடு: முதலில் மாதத்தைப் பாருங்கள்

கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பகுதி வியாபாரிகள் சிலர், விடுமுறைக்குக் கடற்கரையில் சமையலறையோடு கூடிய சொகுசு வீடொன்றை எடுப்பது பற்றி என்னிடம் கேட்டனர். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றாகத் தங்கலாம். நமது உணவை நாமே சமைக்கலாம். பெண்களுக்கும் மறைவு கிடைக்கும். ஆனால் வாடகை சிறிய தொகையல்ல. கடைக்குச் சரக்கெடுக்கும்போதுள்ள கவனம் இதிலும் வேண்டும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது பெந்தோட்டை, ஹிக்கடுவை, வெலிகமப் பக்கம் கடல் கொந்தளிக்கும். பாசிக்குடா, நிலாவெளிக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று; நிலைமை தலைகீழாகும். எசல பெரஹரா வரும் ஜூலை, ஒகஸ்ட் மாதங்களில் கடையைச் சாத்திவிட்டுப் புறப்படுவோர் கிழக்கே போவதே நல்லது. அந்நாட்களில் தெற்கில் பாதி விலைக்கு வீடு கிடைத்தால் மயங்க வேண்டாம். கொந்தளிக்கும் கடலில் இறங்குவது உயிராபத்து. சிறு பிள்ளைகள் உள்ளோருக்குப் பாசிக்குடா பொருத்தம். அங்கே வெகுதூரம்வரை கடல் ஆழமில்லை.

அடுத்தது சந்தை. ஹலால் இறைச்சியும் சாமானும் வாங்கப் பாசிக்குடாவுக்கு ஓட்டமாவடி பக்கம். பெந்தோட்டைக்குப் பேருவளையும் தர்கா நகரும் பக்கம்.

மூன்றாவது கணக்கு. இரவுக்கு 90,000 ரூபா கேட்கிறார்கள், போவது 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 7,500 ரூபா. சமையற்காரர் கூலி, எரிவாயு, மின்பிறப்பாக்கிக்கு டீசல், சேவைக் கட்டணம் என்று இன்னும் 30,000 ரூபா சேர்ந்தால் தலைக்கு 10,000 ரூபா. ஹோட்டல் விலையோடு ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையைத்தான். 12 பேருக்கும் கட்டில் உண்டா, சிலருக்குத் தரையில் மெத்தையா என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, முற்பணம். அனுப்புமுன் நான் கேட்பவை மூன்று: இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உண்டா? பயணம் தடைப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? வாடகையில் அடங்காதவை எவை? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கு, வாசலில் தகராறு வரும்போது உதவாது.

கடை மூடியிருக்கும் நாட்களும் நமக்குச் செலவுதான். ஆகவே இரண்டு நாள் கூடுதலாக விசாரித்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.